நோம்பி லீவில் மாட்டிய ஃபில்டர்

1962-ல், சீனச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். நல்லூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். டிப்ளமா முடித்த திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. அடுத்த தெருவில் ஓர் அக்கா இருந்தார். கணவர் பட்டாளத்தில், எல்லையில் இருந்தார். சாயங்காலச் செய்திதான் அக்காவுக்கு உயிர். ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டிப் பனியன் கம்பெனி. மோட்டார் ஓடினால் போதும், ரேடியோ 'கர்ர்ர்' என்று கத்தும். செய்தி ஒரு வரி காதில் விழாது.

இதென்ன பிரமாதம் என்று ஸ்லைடு ரூலை எடுத்துக் கணக்குப் போட்டேன். இரைச்சலை மட்டும் வடிகட்டுகிற ஃபில்டர். பலகையில் ஆணி அடித்து, அதில் காயிலைச் சுற்றிக் கண்டன்சரைக் கட்டி, மாற்றி மாற்றிப் பார்த்து ஒருவழியாக முடித்தேன். அக்கா வீட்டு ரேடியோவில் மாட்டினால், அடேயப்பா, என்ன தெளிவு! "இனிப் பொட்டுச் சத்தம் வராதுங்க்கா" என்று மார்தட்டிவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து எட்டிப் பார்த்தேன். அக்கா ரேடியோவில் காதை ஒட்டிவைத்து உட்கார்ந்திருந்தார். அதே கர்ர்ர்!

"நீங்க மாட்டுன அன்னிக்கு தீவாளி நோம்பி லீவுங்க தம்பி. மெசினே ஓடலீங்க. எனக்கும் அப்பத் தோணாமப் போச்சு" என்றார். ஒரு வார்த்தை வையவில்லை. "சரியாயிருச்சுன்னு நம்பி வேற எங்கயும் போயிக் கேக்காம இருந்துட்டனுங்க. ரெண்டு நாளா ஒண்ணும் கேக்கலீங்க. அவுங்க இருக்கற எடத்துப் பேரு வந்திருக்குமோன்னுதான் பயமா இருக்குதுங்க" என்றார். எனக்கு நாண்டுகொள்ளலாம் போல இருந்தது.

நேரே கம்பெனிக்குப் போய் மெக்கானிக்கிடம் உண்மையைச் சொன்னேன். "பத்து நிமிசம் மெசின் நின்னா பனியன் கோவிச்சுக்குமாங்க?" என்று சிரித்தார். அன்றிலிருந்து செய்தி நேரத்தில் மோட்டாரை நிறுத்தினார். மற்ற நேரத்தில் மோட்டார் ஓட ஓட, அதன் பக்கத்திலேயே பலகையோடு உட்கார்ந்தேன். நான் ஒவ்வொன்றாக மாற்ற, அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "இல்லீங்க", "இப்பத் தேவலீங்க" என்று குரல் கொடுப்பார். மூன்றாம் நாள் கண்டன்சரை மோட்டாரிலேயே வைத்துக் கட்டினேன். இரைச்சல் பிறக்கிற இடத்திலேயே அடங்கியது. அன்று மோட்டாரை நிறுத்தாமலே முழுச் செய்தியையும் கேட்டார்.

அவர் கணவர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். ஆனாலும் என் வாய்ச்சவடாலை நம்பி அக்கா பயந்து கிடந்த அந்த இரண்டு சாயங்காலங்களை நினைத்தால், எந்த வேலையையும் "சரியாகிவிட்டது" என்று சொல்ல எனக்கு இன்றும் நாக்குக் கூசுகிறது.