பாசஞ்சர் ரயிலில் ஒரு நாடு

எண்பதுகளின் நடுவில் நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் என்னோடு இரண்டு பேர் வருவார்கள். ஒருத்தி நர்ஸ், இன்னொருத்தி டெலிபோன் ஆபரேட்டர்.

நர்ஸின் தம்பி கப்பலில் வேலை பார்த்தான். ஒரு விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தான். அதில் பல முகப் பகடைகளும் ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகமும் இருந்தன. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் ஒரு நாட்டைக் கற்பனை செய்து கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் அந்த நாட்டில் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவார்கள். நினைத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

"நீங்கதான் நடத்தணும் டீச்சர். நாலு பேரு முன்னாடி நின்னு பேசறது உங்களுக்குத்தான் பழக்கம்" என்றாள் நர்ஸ்.

ஒரு மாதம் தயாரானேன். ஒரு நோட்டு முழுக்க ஏழு தலைமுறை ராஜாக்கள், அவர்களுடைய போர்கள், வரிகள். சார்ட் பேப்பரில் மலையும் ஆறும். முதல் நாள் ரயில் கிளம்பியதுமே வாசிக்க ஆரம்பித்தேன். முண்டியம்பாக்கம் வந்தபோது மூன்றாவது ராஜா இறந்திருந்தார். நர்ஸ் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கியிருந்தாள்.

"இன்னா டீச்சரே, நாங்க எப்ப பேசறது?" என்றாள் ஆபரேட்டர்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. நர்ஸை எழுப்பி, அவசரமாக அவர்களை ஒரு கோட்டைக்கு நடக்கவைத்தேன். வழியில் ஒரு பூட்டிய கிணறு இருக்கிறது, காவலுக்கு ஒருவன் நிற்கிறான் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். கிணற்றை ஏன் பூட்டினார்கள்? காவல்காரன் பெயர் என்ன? சாப்பிட்டானா? ஏழு தலைமுறைப் பெயர்கள் என் கையில் இருந்தன; அவனுக்கு ஒரு பெயர் இல்லை. "அது சும்மா பூட்டியிருக்கு" என்றேன். ஆட்டம் அத்தோடு படுத்துவிட்டது.

அன்று மாலை நோட்டை மூடிவைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தேன். பூட்டியவனுக்கு என்ன வேண்டும், தண்ணீர் கிடைக்காதவர்களுக்கு என்ன வேண்டும், நர்ஸும் ஆபரேட்டரும் தலையிடாவிட்டால் அங்கே என்ன ஆகும் என்று மூன்றே வரி எழுதினேன். கீழே என் வகுப்பு வருகைப் பதிவேட்டிலிருந்து பத்துப் பெயர்கள். கேட்டால் திணறக்கூடாது அல்லவா.

மறுநாள் ஆட்டம் நகர்ந்தது. விக்கிரவாண்டியில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, கூடையோடு ஏறும் ஒரு பெண் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கிணறு வற்றிவிட்டது, அதனால்தான் பூட்டு என்று காவல்காரன் சொல்வதாக நான் சொன்னேன்.

"அவன் பொய் சொல்லிக்கினு கீறான். தண்ணி இல்லாத கெணத்துக்கு எதுக்கு பூட்டு?" என்றாள் அவள்.

ஆபரேட்டர் நகர்ந்து இடம்விட்டாள். "நீங்களும் வாங்களேன்."

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

"இதுல படிக்க ஒண்ணும் இல்ல. நீங்க யாரு, இன்னா செய்யப்போறீங்க, அதைச் சொன்னா போதும்" என்றேன்.

பேரணி ஸ்டேஷன் வரைக்கும் யோசித்தாள். "நான் அந்த ஊர்க்காரி. அந்தக் கெணத்துல எங்க தெருவுக்கு மட்டும் தண்ணி கெடையாது" என்றாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க ஊர்லயும் அப்பிடி ஒண்ணு இருந்துச்சு."

நர்ஸ் பகடையை அவள் கையில் கொடுத்தாள்.

நான் ஒரு சண்டையைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஆறு வீரர்கள், அவர்களுடைய பலம், ஆயுதம் எல்லாம் எழுதியிருந்தேன். அவளுக்குச் சண்டை வேண்டாம். "அவங்க கெணறு அவங்களுக்கே இருக்கட்டும். நாங்க வேற தோண்டிக்கறோம்."

எங்கே தண்ணீர் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அவளையே கேட்டேன். கரையான் புற்று இருக்கிற இடமாகப் பார்த்துத் தோண்டச் சொன்னாள்; அடியில் ஈரம் இருக்குமாம். அப்படியே என் வரைபடத்தில் ஒரு புற்று முளைத்தது. மூன்று வாரம் தோண்டினார்கள். பாறை வந்தது, ஒரு பக்கம் சரிந்தது. மயிலம் தாண்டிய ஒரு காலையில் பகடையில் பெரிய எண் விழுந்து ஊற்றுக் கண் திறந்தபோது, பக்கத்து பெஞ்சுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். புதுக் கிணற்றை மூட ஆட்கள் வந்தார்கள், பழைய கிணற்றின் காவல்காரனும் அவர்களோடு. அவள் முதல் சொம்புத் தண்ணீரை அந்தக் காவல்காரனிடம் நீட்டினாள். அவன் என்ன செய்வான் என்று என் தாளில் இல்லை. வெயிலில் நடந்து வந்தவன். வாங்கிக் குடித்தான் என்றேன்.

அந்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் லீவு. திரும்பி வந்தபோது ஆட்டம் நிற்கவில்லை என்று தெரிந்தது. மல்லாட்டைக்காரி நடத்தியிருந்தாள்.

"எப்படித் தயார் பண்ணீங்க?" என்றேன்.

"இன்னாத்த தயார் பண்றது டீச்சர்? முந்தின நாளு இவங்க இன்னா ஆசப்பட்டாங்கன்னு ஞாபகம் வெச்சிக்கினேன். அது கெடைக்கறதுக்குக் கொஞ்சம் கஷ்டம் வெச்சேன். அவ்ளோதான்."

அன்றும் அவளையே நடத்தச் சொன்னேன். என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள். என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. உப்பு விற்க வந்த வெளியூர்க்காரி என்றேன்.

"வாங்க, ஒக்காருங்க. எங்கேர்ந்து வர்றீங்க?" என்றாள்.

திண்டிவனம் வரும்வரை நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.