இரண்டு பேர் ஊற்றிய தண்ணீர்

சமையலுக்கு ஆகாத இஞ்சியை எவளாவது காசு கொடுத்து வாங்குவாளா? என் மகள் வாங்கினாள். ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியோடு மலையேறிக்கொண்டிருக்க, இவள் மட்டும் சென்னையிலிருந்து ரயில் கூட்டத்தில் ஒரு தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். இஞ்சி வகையாம், அழகுக்கு வளர்ப்பதாம், சியாம் துலிப் என்று பெயராம். நல்லா இருக்குடி உன் கூத்து என்று திட்டினேன். மழை விழுந்ததும் தாமரை மொட்டு மாதிரி இளஞ்சிவப்பில் பூ நிமிர்ந்து நின்றது. அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை.

ஐப்பசியில், சென்னையில் கூட வேலை செய்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த வீட்ல இனிமே அவ பேச்சே எடுக்கக் கூடாது" என்றார். அதோடு சரி. அவள் போன் செய்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பேசுவேன். பெற்ற மகளோடு திருடி மாதிரி பேச வேண்டும் என்று என் தலையெழுத்து.

மாடியில் இருக்கும் தொட்டியைத் தூக்கிப் போடு என்று ஒருமுறை சொன்னார். நான் அதைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நகர்த்தி வைத்தேன். ஏன் இன்னும் போடவில்லை என்று அவர் பிறகு கேட்கவும் இல்லை.

கார்த்திகை பிறந்ததும் செடி பழுக்கத் தொடங்கியது. முதலில் இலையின் நுனி, பிறகு இலை முழுவதும். அவள் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அவள் இனி வரவே மாட்டாள் என்று ஏனோ தோன்றிவிட்டது. அவர் பள்ளிப்பட்டுப் பக்கம் நிலத்துக்குக் கிளம்பியதும் அரிசி கழுவிய தண்ணீரை மாடிக்குக் கொண்டுபோய் ஊற்றுவேன். அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால், என் செடியைக்கூட யாரும் பார்ப்பதில்லையா என்று அழுவாள். அதனால் கேட்கவில்லை.

ஊற்ற ஊற்ற மோசமானதுதான் மிச்சம். மண் எந்நேரமும் சதசதவென்று இருந்தது. பனி ஈரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில், எடுக்க மறந்த துணி ஞாபகம் வந்து சீக்கிரமே மாடிக்குப் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் அவர் குந்தியிருந்தார். கையில் குளியலறை மக்கு. என்னைப் பார்த்ததும் மிச்சத் தண்ணீரைக் காலில் ஊற்றி, கால் கழுவுகிற பாவனை வேறு. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"தெனமும் ஊத்திகினு இருக்கீங்களா?"

"ஆங்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நானுந்தாங்க ஊத்திகினு இருக்கேன்."

அவர் தண்டைத் தொட்டார். கையோடு வந்துவிட்டது. குப்பென்று அழுகல் நாற்றம். விரலாலேயே மண்ணைத் தோண்டினார். கிழங்கெல்லாம் கூழாகிக் கிடந்தது. அடியில் ஒரே ஒரு துண்டு மட்டும் கெட்டியாக இருந்தது. அதை வேட்டியில் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோயில் பாட்டு மலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"அவளுக்குப் போன் போடு" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அம்மா என்று ஆரம்பித்தவள், அவர் தொண்டையைச் செருமியதும் அடங்கிவிட்டாள். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கிழங்கு அழுகிவிட்டது, ஒரு துண்டுதான் தேறும், அதை என்ன செய்வது என்று கேட்டார். அவள் விவரம் சொன்னாள். பனிக்காலத்தில் அது இலையெல்லாம் காய்ந்து தூங்கப் போய்விடுமாம். அப்போது சொட்டுத் தண்ணீர் கூடாதாம். மிஞ்சியதைக் காய்ந்த மணலில் வைத்தால் கோடை மழைக்கு முளைக்கலாமாம், முளைக்காமலும் போகலாமாம்.

பிறகு அவளே கேட்டாள். "நம்ம நெலத்துல மஞ்சள் போட்டப்போ, எல காஞ்சா தண்ணிய நிறுத்திடுவீங்களே நைனா. இதுவும் அதே மாதிரிதான். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்மா" என்றார். "மனசு கேக்கல."

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. நான் போனுக்குக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.