தொங்குபாலத்து அடிபாடு

எனக்குப் பிடித்த சண்டைப் படங்களைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அவற்றை அடிபாட்டுப் படங்கள் என்றோம். பிறகு போர் வந்தபோது அதற்கும் அடிபாடு என்றே பெயர் வைத்தோம். புதுச் சொல் தேட ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. நூலகத்தில் இரவல் எடுத்த ருஷ்ய நாவல்களைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு தியேட்டரில் கலரி என்கிற மலிவு டிக்கெட் வரிசையில் நின்றவன் நான். நாவல்கள் பல வாசிக்கப்படாமலே திரும்பிப் போயின. படங்களில் ஒன்றையும் தவறவிட்டதில்லை.

நல்ல அடிபாட்டுப் படத்துக்கு ஓர் இலக்கணமும் வைத்திருந்தேன். கதாநாயகன் முதல் அடிபாட்டில் தோற்க வேண்டும். காலில் அடிபட்டால் அடுத்த காட்சியிலும் நொண்ட வேண்டும், அதுவும் அதே காலால். எவன் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பவனுக்கு விளங்க வேண்டும். வில்லன் தன் திட்டத்தை விளக்கிக்கொண்டு நிற்காமல் வேலையைப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நிறைவேற்றிய படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டவன் ஒரே ஒருவன். குருநகரில் கடற்றொழில் செய்தவன், என் வயதுக்காரன், கலரி வரிசையில் கிடைத்த நண்பன். ஒரு படத்தை ஒருமுறை பார்த்தால் முழுவதையும் திருப்பிச் சொல்வான். குதிரைக் குளம்பு, உடைகிற கண்ணாடி எல்லாம் வாயாலேயே வரும். வயிற்றில் விழுகிற குத்துக்கு ஒரு சத்தம், தாடையில் விழுகிற குத்துக்கு வேறு சத்தம்.

தொண்ணூறில் கரண்ட் நின்றது. தியேட்டர்களும் நின்றன. அவனுக்குக் கடலில் தூரம் போகத் தடை. அப்போதுதான் 'படம் சொல்லுறது' ஒரு தொழில் மாதிரி ஆனது. ஊருக்கு ஊர் படம் சொல்கிறவர்கள் இருந்தார்கள், ஆனால் அவனுக்குக் கிட்ட ஒருவரும் வரமுடியாது. நான் சுன்னாகத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போவேன். பின்னேரங்களில் அவன் முற்றத்தில் அமர்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே சொல்வான். அயலில் நாலைந்து பேர் வந்து மணலில் குந்துவார்கள். அவனுடைய அம்மா குசினிக்குள் இருப்பார்.

முன்பெல்லாம் முன்வரிசையில் இருந்தவன் அவனுடைய தம்பி. ரியூசனுக்குப் போறன் அண்ணை என்று சொல்லிவிட்டுப் போனவன் இயக்கத்துக்குப் போய்விட்டான். இடையில் ஒருநாள் வந்து சாப்பிட்டான், தாய் தலை தடவ விட்டான், போனான். அதன் பிறகு அந்த வீட்டில் எல்லோருக்கும் காது ஒன்றுதான் வேலை செய்தது. எங்கே அடிபாடு, ஆர் போனது, ஆர் தப்பினது.

எங்கள் இருவரின் பட்டியலிலும் முதலிடம் ஒரு தொங்குபாலத்துப் படத்துக்கு. எண்பதுகளின் நடுவில் இருவரும் தியேட்டரில் சேர்ந்து பார்த்தது. மலைத்தோட்டம் ஒன்றில் அண்ணனும் தம்பியும். தோட்ட முதலாளியின் அடியாட்கள் பாலத்தின் இரண்டு பக்கமும் மறிக்கிறார்கள். ஒற்றையாகத்தான் அந்தப் பாலத்தில் நடக்கலாம். ஐம்பது பேர் முறைவைத்து ஒவ்வொருவராக வந்து அடி வாங்குவதற்கு நியாயமான காரணம் இருந்த ஒரே தமிழ்ப் படம் அதுதான். கதாநாயகனுக்குக் களைக்கும், கை நடுங்கும். கயிறு புரி புரியாக அறும். மறுபக்கத்தில் தனித்துப்போன தம்பி துப்பாக்கிச் சூடு பட்டுச் சாவான்.

ஒரு பின்னேரம் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது, அதாவது அவன் வாயில். பாலத்தடியிலை அடிபாடு துவங்கீட்டுது, தம்பிக்காரன் அங்காலை தனிச்சுப்போனான் என்று குரலை ஏற்றினான். குசினியிலிருந்து அம்மா அரிசி களைந்த கையோடு வந்து நின்றார்.

"எந்தப் பாலத்தடியிலை?"

"அது படமணை அம்மா."

அவருக்கு மூச்சு வந்தது. உள்ளே போகவில்லை.

"தம்பிக்காரன் தப்பினவனோ?"

அவன் வலையிலிருந்து தலை தூக்கவில்லை. "தப்பீட்டானணை" என்றான். நான் அவனைப் பார்த்தேன். மணலில் இருந்தவர்களில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இரண்டு பேராவது இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவனுடைய படங்களில் தம்பிமார் சாவதில்லை. தொங்குபாலத்துத் தம்பி ஒருமுறை ஆற்றில் குதித்து நீந்தினான். ஒருமுறை மரக்கிளையில் தொங்கினான். ஒருமுறை வில்லனின் குதிரையையே தட்டிக்கொண்டு போனான். மற்றப் படங்களிலும் கூட்டாளி தப்பினான், பொலிஸ்காரரின் மகன் தப்பினான், சும்மா நின்ற லொறிச் சாரதிகூடத் தப்பினான். உலகத்திலேயே உயிர்ச்சேதம் குறைந்த அடிபாட்டுப் படங்கள் அந்த ஆண்டுகளில் குருநகரில்தான் ஓடின. என் இலக்கணப்படி எல்லாம் படுமோசம். எனக்குள் இருந்த விமர்சகன் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தான். அந்த இடம் வரும்போது குசினியில் அகப்பைச் சத்தம் நிற்கும், தம்பி கரையேறிய பிறகு மறுபடி கேட்கும்.

ஒரு மாரியில் செய்தி வந்தது. பிறகு பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பின்னேரம், நான் மட்டும் முற்றத்தில் இருந்தேன். நண்பன் இரவல் கதிரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தான். அம்மா தேத்தண்ணியும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே மணலில் இருந்தார்.

"தம்பி, அந்தப் பாலத்துப் படத்திலை தம்பிக்காரன் செத்தவன்தானே?"

நான் பனங்கட்டியைக் கடித்தேன்.

"இவன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுறான். நடந்ததெண்டால் ஒரே மாதிரித்தானே சொல்லுவினம்" என்றார். "பெட்டியோடை வந்தவையும் அப்பிடித்தான். ஒருத்தன் தலையிலை எண்டான். மற்றவன் நெஞ்சிலை எண்டான். நீ படிச்ச பிள்ளை. படத்திலை உள்ளபடி சொல்லு."

சொன்னேன். எனக்குப் படம் சொல்ல வராது. சத்தங்கள் ஒன்றும் வரவில்லை. வெறும் வசனமாக, பரீட்சைக்கு விடை எழுதுகிற மாதிரிச் சொன்னேன். தம்பிக்கு நெஞ்சில் சூடு படுகிறது, அண்ணன் ஓடி வருகிறான், தம்பி பேசுகிறான். தியேட்டரில் அந்தப் பேச்சு முடியவே முடியாது. அடியாட்கள் கத்தியும் கையுமாக மரியாதையோடு காத்து நிற்பார்கள். நெஞ்சில் சூடு பட்டவன் இவ்வளவு கதைப்பானா என்று அன்று கலரியே சிரித்தது, நானும் சிரித்தேன்.

"கனநேரம் கதைச்சவனோ?"

"ஓம் அம்மா. கனநேரம்."

"தலையை ஆரும் மடியிலை வைச்சிருந்தவையோ?"

"தமையன் வைச்சிருந்தவர்."

"தண்ணி கேட்டவனோ?"

படத்தில் அவன் நீதியைப் பற்றிப் பேசினான், தோட்டத்தைப் பற்றிப் பேசினான். தண்ணீர் கேட்கவில்லை. ஒருவருக்கும் கொடுக்கத் தோன்றவும் இல்லை.

"கேட்டவன்" என்றேன். "குடுத்தவை. கீழை ஆறுதானே ஓடினது, அம்மா."