பஞ்சு சொன்ன பைரவி

பம்பாய் மாதுங்காவில் பஞ்சுவை மிஞ்சிய சங்கீத ரசிகர் கிடையாது என்று 1945-ஆம் வருஷத்து மார்கழியில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதில் குந்துமணி அளவு கூட உண்மை இல்லை. கல்யாணிக்கும் காம்போதிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர் அவர். ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினாலு வருஷமாகக் குமாஸ்தா. பெயர் பஞ்சாபகேசன். அத்தனை எழுத்தையும் சொல்லிக் கூப்பிட பம்பாயில் யாருக்கு நேரம்? பஞ்சு என்று சுருக்கிவிட்டார்கள்.

ஞானம் முழுக்க அவர் மனைவி வாலாம்பாளுடையது. கல்பாத்திக்காரி, பாட்டுக் கேட்டே வளர்ந்தவள். கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த புதிதில் சபைக் கச்சேரிக்குப் போனபோது, பக்கத்திலிருந்த யாரோ, "என்ன ராகம் ஸார்?" என்று பஞ்சுவைக் கேட்டுவிட, அவர் பேந்தப் பேந்த விழித்ததை எதிர்ப்பக்கத்திலிருந்து அவள் பார்த்துவிட்டாள். சபையில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், நடுவில் நடைபாதை. புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக வந்தாலும் வாசலிலேயே பிரிந்துவிட வேண்டியதுதான். அடுத்த கச்சேரிக்குள் வாலாம்பாள் ஓர் ஏற்பாடு செய்துவிட்டாள். மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரத்து நாற்காலியில் அவள். அதற்கு நேரே இந்தப் பக்கத்து ஓரத்தில் அவர். கன்னத்தில் கை வைத்துக்கொள்வது போல் விரலைக் காட்டுவாள். ஒரு விரல் தோடி, இரண்டு கல்யாணி, மூன்று பைரவி, நான்கு காம்போதி, ஐந்து சங்கராபரணம். இரண்டு உள்ளங்கையையும் விரித்தால், எனக்கும் தெரியவில்லை என்று அர்த்தம். ஐந்தாறு வருஷத்தில் அவள் உள்ளங்கையை விரித்தது இரண்டே தடவைதான்.

இந்த ஐந்துக்குள் அடங்காத ராகம் வந்தால் பஞ்சு கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டுவார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு மகா ஞானஸ்தன் என்ற பட்டமே கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் இருவரும் சிரிப்பார்கள். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் அந்தச் சிரிப்புதான் சொத்து.

நாற்பத்து நாலு சித்திரையில், விஷு கழிந்த கையோடு, துறைமுகத்தில் வெடிகுண்டு ஏற்றிய கப்பல் வெடித்தது. மாதுங்காவில் ஜன்னல் கண்ணாடி உதிர்ந்தது. ஃபோர்ட் பக்கம் ஒரே புகை, செத்தவர் எத்தனை பேர் என்று யாருக்கும் கணக்குத் தெரியவில்லை. சாயங்காலம் நாலு மணியிலிருந்து வாலாம்பாள் பால்கனியில் நின்றாள். ரயில் ஓடவில்லை. பஞ்சு உடம்பெல்லாம் கரியோடு நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அழவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்கவே முடியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்னா, இனிமே என்னால இந்தப் பால்கனியிலே நிக்க முடியாது" என்றாள். மறு வாரம் அவள் அப்பா வந்து அழைத்துப் போனார். உலகச் சண்டை ஓயட்டும், பார்க்கலாம் என்றார்.

சண்டை ஓய்ந்தது. வாலாம்பாள் வரவில்லை.

பஞ்சுவின் புத்தி குமாஸ்தா புத்தி. பெண்டாட்டி வெடிகுண்டுக்குப் பயப்படுகிறாள் என்று தீர்மானித்துக்கொண்டார். துறைமுகத்தில் இப்போது கடுமையான சட்டதிட்டம், கவலைக்கு இடமில்லை என்று ஏதோ சர்க்கார் அறிக்கை மாதிரி கடிதம் எழுதினார். பதிலில் அவள் மாவடுவைப் பற்றி எழுதினாள். வீட்டில் அவர் தானே ஒரு சாதம் வடித்து, மோர் விட்டுச் சாப்பிட்டு, ஒரு தட்டைக் கழுவி வைத்தார். கச்சேரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆபீஸில் வேலை மும்முரம் என்று கேட்டவர்களிடம் சொல்லி வைத்தார். எதிர்ப்பக்கத்தில் விரல் இல்லாமல் அங்கே போய் உட்காருவது எப்படி?

இப்படி இருபது மாதம் போனபின் சபைக் காரியதரிசி அனந்தகிருஷ்ணன் வந்து கதவைத் தட்டினார். பத்து நாள் சங்கீத விழா, பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், மதராஸிலிருந்து வித்வான்கள், ஒன்பதாம் நாள் ஊரறிந்த பெரிய வித்வான் ஒருவர்.

"நோட்டீஸ் நீர்தான் எழுதணும், ஓய். விஷயம் தெரிஞ்சவா எழுதினாத்தான் எடுபடும். படிச்சவன் ராத்தூக்கம் வராம டிக்கெட் வாங்கணும்."

மறுக்கத்தான் வாயைத் திறந்தார் பஞ்சு. அதற்குள் வேறொரு யோசனை வந்துவிட்டது. வெடிகுண்டு இல்லை என்று சொல்லி வராதவள், பாட்டு இருக்கிறது என்று சொன்னால் வரமாட்டாளா? அன்றைக்கே உட்கார்ந்து எழுதினார். பம்பாய் பிறந்த நாள் முதல் கேட்டிராத நாதவெள்ளம். கேட்கத் தவறியவர்கள் ஆயுள் முழுதும் வருந்துவார்கள். தேவலோகத்தில் அன்றைய தினம் சபை கூடாது, எல்லோரும் மாதுங்காவில் இருப்பார்கள். அனந்தகிருஷ்ணன் படித்துவிட்டுச் சொக்கிப் போனார். இரண்டாயிரம் பிரதி அச்சானது. மாதுங்கா முழுக்க ஒட்டினார்கள், செம்பூருக்கும் போயிற்று. ஆனால் அது ஒரே ஒரு ஆளுக்காக எழுதப்பட்ட நோட்டீஸ். ஒரு பிரதி கல்பாத்திக்குத் தபாலில் போயிற்று, கூடவே ஒரு வரியும்: 'வந்தால் கேட்கலாம்.' வா என்று எழுத அவருக்கு ஏனோ கை வரவில்லை.

பதில் கார்டு பத்து நாள் கழித்து வந்தது. 'நோட்டீஸ் படித்தேன். இப்போது புறப்பட சௌகரியப்படாது. விழா நிஜமாகவே அதில் இருக்கிறபடி இருக்கிறதா என்று முடிந்ததும் எழுதவும். உள்ளதை எழுதவும்.'

விழா தொடங்கியது. ஊரே திரண்டு வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. மற்றதெல்லாம் குறைதான். ஒலிபெருக்கி முதல் நாளே வீல் என்று அலறி, பாடகரை ஒரு முழம் பின்னால் தள்ளி உட்கார வைத்தது. ராகம் உருகி வரும் நேரமாகப் பார்த்து லோக்கல் ரயில் கடகடத்துப் போகும். நான்காம் நாள் வித்வானுக்கு பம்பாய்க் காற்று ஒத்துக்கொள்ளாமல் தொண்டை கட்டிக்கொண்டது. மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் விட்டால் பாதிப் பந்தல் எழுந்து காண்டீனுக்குப் போனது. அங்கே ரேஷன் சர்க்கரை தீர்ந்து வெல்லம் போட்ட காப்பி. திரும்பி வந்தவர்கள் அரிசி எந்தக் கடையில் நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஆனாலும் வெளியே வரும்போது எல்லோரும், "பேஷ், பேஷ்! கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார்கள். நோட்டீஸில் அப்படித்தானே போட்டிருந்தது!

பஞ்சுவுக்கு அது நல்ல பாட்டா கெட்ட பாட்டா என்றே தெரியவில்லை. தினமும் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கழுத்து இடது பக்கம் திரும்பும். அந்த நாற்காலியில் ஒரு நாள் யாரோ கிழவி, ஒரு நாள் தூங்கும் குழந்தை. ஆயிரம் பேருக்கு நடுவில் இவ்வளவு தனியாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. வீட்டில் தனிமை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம். இங்கே தலையை வேறு ஆட்ட வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் பெரிய வித்வான் மேடை ஏறினார். அனந்தகிருஷ்ணன் மதராஸிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரரைக் கூட்டிவந்து பஞ்சுவின் பக்கத்தில் உட்கார வைத்தார். முதல் உருப்படி முடிந்து வித்வான் அடுத்ததை மெல்ல இழுக்கத் தொடங்கியதும் காரியதரிசிக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம பஞ்சுவுக்கு ரெண்டு ஸ்வரம் காதிலே விழுந்தா போதும், ஸார். சொல்லும் ஓய், என்ன ராகம்?"

பஞ்சு இடது பக்கம் திரும்பினார். மூன்றாவது வரிசை. ஓரத்து நாற்காலி. கத்திரிப்பூ நிறப் புடவை. முகத்தைத் தூண் பாதி மறைத்தது. கன்னத்தின் அருகே ஒரு கை உயர்ந்திருந்தது. அந்தக் கையில் மூன்று விரல்.

வந்துவிட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து, நேராகக் கச்சேரிக்கே வந்துவிட்டாள்! பஞ்சுவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பைரவி!" என்றார். வாயிலிருந்து வந்தது கூவலாகவே வந்துவிட்டது. எழுந்தும் விட்டார்.

முன் வரிசைகள் திரும்பிப் பார்த்தன. "கல்யாணி ஓய் அது! கொழந்தைக்குக்கூடத் தெரியுமே" என்று யாரோ சொல்ல, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. பஞ்சுவின் காதில் எதுவும் ஏறவில்லை. நடைபாதையைக் கடந்து பெண்கள் பக்கம் போய்த் தூணைத் தாண்டி நின்றார். அந்த அம்மாள் வேறு யாரோ. அவர் பார்க்கப் பார்க்க, ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் அந்த மூன்று விரலுக்குத் தலையசைத்துவிட்டு எழுந்து போனார். சற்று நேரத்தில் மூன்று டம்ளர் காப்பியை ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார். அந்த அம்மாள் ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு இரண்டைப் பக்கத்திலிருந்த பெண்களுக்குக் கொடுத்தாள்.

"ஸார், இது லேடீஸ் சைட்" என்றார் தொண்டர் ஒருவர்.

பஞ்சு மன்னிப்புக் கேட்டார். திரும்பித் தன் நாற்காலிக்குப் போகவில்லை. பந்தலை விட்டு வெளியே வந்து, கிங்ஸ் சர்க்கிளை இரண்டு தடவை காரணமில்லாமல் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார். மானம் போனதைப் பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. காப்பிக்கு விரல் காட்டினால் எழுந்து போக அந்த அம்மாளுக்கு ஓர் ஆள் எதிர்ப்பக்கத்தில் இருந்தார் என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை அனந்தகிருஷ்ணன் வந்தார். "என்ன ஓய், கல்யாணியைப் போய்ப் பைரவின்னுட்டீரே! பத்திரிகைக்காரர் சிரியா சிரிக்கறார்."

"எனக்கு ஒரு ராகமும் தெரியாது, ஸார். எல்லாம் ஆத்துக்காரி சொல்லித்தான்" என்று விரல் கதை முழுவதையும் சொல்லிவிட்டார் பஞ்சு.

காரியதரிசி தன் விரலை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அப்போ அவாளை வரச் சொல்லுமே, ஓய். இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்றார்.

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. பஞ்சுவை அது விடவில்லை. பத்தாம் நாள் கச்சேரிக்கு அவர் போகவில்லை. பால்கனிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினார்.

'சௌ. வாலாம்பாளுக்கு ஆசீர்வாதம். உள்ளதை எழுதச் சொன்னாய். விழா நோட்டீஸில் இருக்கிறபடி இல்லை. நோட்டீஸ் நான் எழுதினது. உன்னை வரவழைக்க எழுதின பொய். பாட்டு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஒன்பது நாளும் நீ உட்காருகிற நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று யாரோ ஒரு அம்மாள் மூன்று காப்பி கேட்டதைப் பார்த்து நீ வந்துவிட்டாய் என்று நினைத்துக் கல்யாணியைப் பைரவி என்று சொல்லி ஊர் சிரித்தது. வராத ஆளை எதிர்பார்த்து ஒரு பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு நீ இந்தப் பால்கனியில் ஆறு மணி நேரம் நின்றாய். ஒருநாளாவது அதைப் பற்றி உன்னிடம் கேட்டேனா? துறைமுகத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. வா.'

தை பிறந்து ஒரு வாரம் ஆனபின் கார்டு வந்தது. 'நமஸ்காரம். கல்யாணிக்கு இரண்டு விரல், மறந்துவிட்டதா? இங்கிருந்து பம்பாய் வருகிற ஒரு குடும்பம் துணைக்கு இருக்கிறது. புதன்கிழமை மதராஸ் மெயில். தாதரில் முன்னாடியே வந்து நிற்கவும்.'

நின்றார். வண்டி மூன்று மணி நேரம் தாமதம். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது, பஞ்சு உட்காரவில்லை. மதராஸ் பக்கத்துத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி வராமலே போய்விட்டால்? மூன்று மணி நேரத்துக்கே இப்படி என்றால் ஆறு மணி நேரம் அவள் எப்படி நின்றாள்?

வண்டி வந்தது. கூட்டத்துக்கு நடுவில் வாலாம்பாள் இறங்கினாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். பின்னாலேயே யாரோ அவள் பெட்டியை இறக்கி வைத்தார்கள். ஒரே பெட்டி, சின்னது. ஊருக்குப் போனபோது அவள் கொண்டுபோனது மூன்று பெட்டி. பஞ்சு அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனாலும் கேட்டுவிட்டார். "எத்தனை நாள் இருப்பே?"

பிளாட்பாரத்துச் சத்தத்தில் அது அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, உதடு அசைந்ததைப் புரிந்துகொண்டாள். கையிலிருந்த கூஜாவைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தபடி, சபையில் காட்டியது போலவே, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.

பஞ்சு தலையை ஆட்டினார். குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.