மூன்று தேத்தண்ணி வடிகளோடு வவுனியாவுக்கு

சண்டை நின்று பாதை திறந்து இரண்டு வருடம் கழிந்து, 2004 ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நான் உடையார்கட்டிலிருந்து வவுனியாவுக்குப் போனேன். கொண்டுபோன சாமான், கரி பிடித்த மூன்று தேத்தண்ணி வடிகள், தேநீர் வடிகட்டும் வலைக்கரண்டிகள். எனக்கு அறுபத்தொன்பது வயது. முதியோர் வகுப்பில் எழுதப் பழகி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. இந்தக் கட்டுரைக்கு ஒன்பது நாள் எடுத்தது. நான் கொப்பியில் எழுதியதை மகள் தட்டச்சு செய்து இங்கே போடுகிறாள்.

மகள் வாசுகி இரசாயன ஆசிரியை. சமையல் காஸிலிருந்து காபன் நானோக் குழாய் செய்யலாம் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, எட்டு மாதமாக எங்கள் குசினியை ஆய்வுகூடமாக்கி வைத்திருந்தாள். குழாய் என்றால் உள்ளே ஓட்டையுள்ள குழாய்தான். ஆனால் ஒரு தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. துருப்பிடிக்காத உருக்கு வலையைக் காஸ் சுவாலைக்குள் பிடித்தால், உருக்கிலுள்ள இரும்பும் நிக்கலும் காஸிலுள்ள காபனைப் பிடித்துக் குழாயாக வளர்த்துவிடுமாம். எங்கள் பக்கத்தில் அப்படியான வலை தேத்தண்ணி வடியில்தான் கிடைக்கிறது.

வளர்ந்தது குழாயா, வெறும் புகைக்கரியா என்று கண்ணால் சொல்ல முடியாது. வவுனியாவில் ஒரு விரிவுரையாளர் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கண்டிப் பக்கம் போகிறார், அங்கே இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பார். குழாய் தெரிந்தால் மகளுக்கு மேற்படிப்புக்கு இடம். இந்தமுறை தவறினால் விண்ணப்ப முடிவு திகதியும் போய்விடும். பள்ளிக்கூடத்தில் பரீட்சை, அவளுக்கு லீவு இல்லை. நான் போகிறேன் என்றேன்.

காலை 6.20க்கு பஸ். பரந்தனுக்கு ஒரு மணித்தியாலம், 22 ரூபா. அங்கிருந்து கிளிநொச்சி ஐந்து கிலோமீற்றர், 6 ரூபா. கிளிநொச்சியில் 8.15க்குப் புளியங்குளம் பஸ் எடுத்தேன். ஐம்பது கிலோமீற்றர், 45 ரூபா. வலப்பக்கம் இருந்தால் வெயில் குறைவு, புழுதி கூட. முறிகண்டியில் எல்லா பஸ்ஸும் நிற்கும். பிள்ளையாரைக் கும்பிட்டு, பத்து ரூபாவுக்குக் கச்சான் கடலை வாங்கினேன். வறுத்த சூடு வவுனியா வரைக்கும் மடியில் இருந்தது என்று சொன்னால் மகள் அந்த வரியை வெட்டிவிடுவாள், ஓமந்தை வரைக்கும் இருந்தது.

புளியங்குளத்தில் இயக்கத்தின் சாவடியில் பையைச் சோதித்த பெண்பிள்ளை வடிகள் இருந்த பிஸ்கற் ரின்னைத் திறந்து பார்த்தா.

"ஐயா, வவுனியாவில தண்ணி நல்லா இருக்கெண்டோ கழுவக் கொண்டு போறியள்?"

"கழுவுறதுக்கில்லைப் பிள்ளை. படம் எடுக்க."

"வடிக்கோ? எனக்கே ஒரு படம் இல்லை" என்று சிரித்து விட்டுவிட்டா. ஓமந்தைச் சாவடியில் ஆமிக்காரர் ரின்னை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வவுனியா ரவுணில் இறங்கும்போது பின்னேரம் மூன்றரை.

தங்கியது என் பழைய கூட்டாளி காதர் வீட்டில். முல்லைத்தீவில் நாங்கள் ஒன்றாகக் கருவாட்டு யாவாரம் செய்தவர்கள். இடம்பெயர்ந்து வந்த பிறகு அவர் இங்கேதான். ரின்னில் ஈரம் பிடிக்கக் கூடாது என்று மகள் சொன்னதால், குசினித் தட்டில் காஸ் அடுப்புக்கு மேலே வைத்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

வெள்ளி காலை ஆறரைக்குக் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தேன். காதரின் மனைவி ஆயிஷா மூன்று வடிகளையும் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தா. வெள்ளி போல மினுங்கின.

"உங்கட மகள் பாவம் அண்ணை, படிப்பிக்கிறதோட எங்க நேரம்? அடிக்கரி பிடிச்சுக் கிடந்தது. சாம்பல் போட்டு உரஞ்சிக் கழுவிட்டன்."

வந்தவர் கொண்டுவந்த ஏனத்தை அழுக்காகத் திருப்பி அனுப்பாத வீடு அது. கதிரையில் இருந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவ தலையில் கை வைத்தா. காதர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஏழு மணி. எங்கட வீட்டிலயும் காஸ்தானே எரியுது. செய்வமே?"

மகள் செய்யும்போதெல்லாம் நான் பக்கத்தில் இருந்து கொப்பியில் எழுதிவந்தேன். எழுத்துப் பழக வேறு என்ன இருந்தது? கொப்பியைத் திறந்து சத்தமாக வாசித்தேன். "ஒன்று. வலையைச் சாம்பல் போட்டு நன்றாகக் கழுவவும்."

"அது முடிஞ்சுது" என்றா ஆயிஷா.

யன்னல், கதவு எல்லாம் திறந்தோம். நீலச் சுவாலையில் வலை சிவக்கும்வரை சூடாக்கி, பிறகு அடுப்பின் காற்றுத் துவாரத்தைப் பாதி மூடி, இரண்டு விரல் உயரத்தில் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும். என் விரலை வைத்து உயரம் பார்த்த முதல் வடியில் வந்தது பிசுபிசுத்த கரி. தொட்டால் விரலில் ஒட்டியது. மகளின் வடியில் வரும் கரி உலர்ந்து, மங்கி, வெல்வெற் மாதிரி இருக்கும்.

காதர் என் கையைப் பார்த்தார். "ஆற்ற விரல் உது? உன்ர மகளின்ர விரல் உன்ர விரலில பாதி வராதே."

அடுத்த இரண்டு வடிக்கும் ஆயிஷாவின் விரலை வைத்து உயரம் பார்த்தோம். அவ குறட்டால் பிடிக்க, காதர் நிமிடம் சொல்ல, நான் வாசித்தேன். கரி மங்கலாக, உலர்ந்து வந்தது. மூன்றுக்கும் நானே துண்டு எழுதி ஒட்டினேன்: காதர் வீட்டுக் குசினி, 7.40, 8.15, 8.50.

ஓட்டோ 80 ரூபா. விரிவுரையாளரிடம் 10.25க்குக் கொடுத்தேன். மகள் செய்தவை அல்ல, இன்று காலை நாங்கள் செய்தவை என்றும் சொல்லிவிட்டேன். பொய்யோடு கண்டிக்கு அனுப்ப மனம் வரவில்லை. அவர் மூன்று துண்டையும் வாசித்தார். பிறகு, "கொப்பியை ஒருக்காத் தாங்கோ ஐயா" என்று வாங்கி முழுவதும் வாசித்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது அவள் சோறு போட்ட கையோடு அப்படியே நின்றாள். ஏசவில்லை. பதில் வரும்வரை பன்னிரண்டு நாளும் எனக்கு நித்திரை இல்லை.

பதின்மூன்றாம் நாள் படமும் கடிதமும் வந்தன. முதல் வடியில் வெறும் கரி உருண்டைகள். மற்ற இரண்டிலும் குழாய்கள், இடியப்பம் போலச் சிக்கிக் கிடந்தன. விரிவுரையாளர் மகளுக்கு எழுதியிருந்தார்: "நீங்கள் மட்டும் செய்திருந்தால் ஒருமுறை தற்செயலாக வந்தது என்று சொல்லியிருப்பார்கள். இரசாயனம் படிக்காத மூன்று பேர், வேறு அடுப்பில், உங்கள் செய்முறையைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். இடம் உண்டு." மகள் அதை இரண்டுதரம் வாசித்தாள். மூன்றாம் தரம் நான் வாசித்தேன், எழுத்துக் கூட்டாமல்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். ஓமந்தையில் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நிற்கவேண்டி வரும், தண்ணீர் கொண்டு போங்கள். பார்த்தால் என்னவென்று தெரியாத சாமானை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். இந்த வேலையை யன்னல் பூட்டிய குசினியில் செய்யவே கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும். கரியை மூக்குக்குள்ளும் விடக்கூடாது.

படத்தின் ஒரு பிரதியை ஆயிஷாவுக்குக் கொடுத்தோம். அடுப்புக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறா. வருகிறவர்கள் அது என்னவென்று கேட்டால், "எங்கட அடுப்பில விளைஞ்சது" என்கிறாவாம்.