இடப்பக்கத்துக் கைகள்

ஞாயிறு காலை எட்டு ஐம்பது. பீடத்தின் வெள்ளை விரிப்பும் போதகரின் குவிந்த கைகளும் தெளிவாகத் தெரிந்தன. திருவிருந்துக்கு முன் சமாதானம் பகிரும் நேரம். நடைபாதை ஓரம் நிற்பவரிடமிருந்து தொடங்கி, ஒருவர் கைகுவித்து நீட்ட, அடுத்தவர் அதைத் தம் உள்ளங்கைகளுக்குள் வாங்கிப் பக்கத்தில் இருப்பவருக்குத் தர வேண்டும். எங்கள் வழக்கமான பெஞ்சில், என் இடப்பக்கம் மைனி (அண்ணனின் மனைவி) நின்றார். எனக்குச் சமாதானம் வரவில்லை. வரிசை தாமதமாகிறது என்று நினைத்தேன்.

மதியம் அண்ணன் என் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார்.

“மைனி கைய நீட்டிட்டு நின்னாளாம், நீ மரம் மாதிரி நின்னியாம். திருவிருந்து நேரத்துலயா ஏட்டி உனக்க வாசியும் வீம்பும்?”

“நான் காணல்ல அண்ணா.”

“பேப்பர்ல ஒரு புள்ளி விட்டுப்போனா கண்டுபிடிப்ப. பத்து விரல காணல்லியோ?”

நாகர்கோவிலில் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். கொட்டாரம் ஊரில் இருக்கும் எங்கள் தோப்பின் வழிப்பாதை பற்றி மைனிக்கும் எனக்கும் அந்த மாதம்தான் பேச்சு முறிந்திருந்தது. அதனால் யாரும் வேறு காரணம் தேடவில்லை. நானும் தேடவில்லை.

பிறகு கதவு நிலைகளில் தோள் இடித்தது. பக்கவாட்டில் வந்த ஆட்டோ என் பையை உரசிய பின்தான் தெரிந்தது. கண் மருத்துவர் ஒருவர் கண்ணாடியை மாற்றினார். எழுத்துகள் அதற்கு முன்பும் தெளிவாகத்தான் இருந்தன. இரண்டாவது மருத்துவர் ஒரு கண்ணை மூடச் சொல்லி, தம் விரலை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தினார். அவர் மூக்குக்கு நேரே வந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. மறு கண்ணிலும் அப்படியே.

“மாதவிலக்கு ஒழுங்கா வருதா?” என்று கேட்டார்.

நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வயது என்று விட்டிருந்தேன்.

ஸ்கேனில் பிட்யூட்டரியில் (மூளையின் அடியில் இருக்கும் பட்டாணி அளவு சுரப்பி) கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் மேல்நோக்கி வளர்ந்து, இரு கண்களின் நரம்புகள் சந்திக்கும் இடத்தை அழுத்தியிருந்தது. அப்போது முதலில் போவது பெரும்பாலும் பார்வையின் இருபுற ஓரங்கள். நேரே இருப்பது தெரிவதால் நோயாளி உணர்வதில்லை. ஒவ்வொரு கண்ணாக மூடி, எதிரில் இருப்பவரின் மூக்கைப் பாருங்கள். அவர் தோள்களில் ஒன்று மறைந்தால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள்.

திருவனந்தபுரத்தில் மூக்கு வழியாக அறுவை செய்தார்கள். அண்ணன் கூடவே இருந்தார்.

“மைனிட்ட சொன்னியளா?”

“சொன்னேன் மக்கா. இப்ப கண்ணு மேல பழி போடுகாளான்னு கேக்கா.”

வலப்பக்கம் திரும்பி வந்தது. இடப்பக்கம் வரவில்லை. “நரம்பு ரொம்ப நாள் அமுங்கிக் கிடந்திருக்கு. இனி வந்தா வந்ததுதான்,” என்றார் மருத்துவர்.

காலையில் எழுந்ததும் ஸ்டீராய்டு மாத்திரை (சுரப்பி தராததை ஈடுகட்டுவது). காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். உடல் தானாகச் செய்துவந்ததைக் கடிகாரம் பார்த்துச் செய்கிறேன். சாலையைக் கடக்கும்முன் உடம்பையே இடப்பக்கம் திருப்புகிறேன்.

தேறியபின் வந்த திருவிருந்து ஞாயிறு, அதே பெஞ்சில் நின்றோம். நடைபாதையிலிருந்து சமாதானம் வந்துகொண்டிருந்தது. நான் மைனியை நோக்கி முழுதாகத் திரும்பி, கைகளை விரித்து வைத்திருந்தேன். மைனி சமாதானத்தை வாங்கினார். கைகளை இறக்கினார். பீடத்தைப் பார்த்து நின்றார்.