கறுப்பு டேப்புக்கு அடியில் ஒரு பொட்டு

காலை 6.10. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பேருந்தில் ஏறினோம். என் அறைத்தோழி கலையரசி இயற்பியல் ஆய்வாளர். முனைவர் பட்டத்துக்கு நியூட்ரினோ என்ற நுண்துகள், இப்போது கண்ணுக்குத் தெரியாமல் அண்டமெங்கும் இருப்பதாகச் சொல்லும் கரும்பொருள் (dark matter). மடியில் இருந்த பெட்டியை அவள் செஞ்சிவரை இறக்கவே இல்லை. நான் வங்கிக்காரி, அவளுடைய பையைத் தூக்க வந்தவள்.

வானத்திலிருந்து மியூவான் என்ற துகள்கள் ஓயாமல் பொழிகின்றனவாம். கரும்பொருளைத் தேடும் கருவியை அவை ஏமாற்றிவிடும் என்பதால்தான் சுரங்கத்தின் ஆழத்தில் தேடுகிறார்கள். பாறையையும் மீறி வரும் மியூவானை இந்தப் பெட்டி காட்டிக்கொடுக்கும். இரண்டு வருடம் அவள் கையாலேயே செய்தது. கல்லுக்கு அடியில் எண்ணிக்கை குறைவதை இன்று காட்டினால்தான் நாளை மறுநாள் பெட்டி சுரங்கத்துக்குப் போகும்.

9.40. செஞ்சி. தொண்டூரிலிருந்து அவள் அப்பா ஏழுமலை மொபெட்டில் வந்து காத்திருந்தார். விவசாயக் கூலி. நாங்கள் இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை பெட்டிக்கு அவர்தான் காவல்.

10.30. கோட்டை. சீட்டு தலைக்கு 25 ரூபாய். ராஜகிரி அடிவாரத்தில் நெற்களஞ்சியத்தின் வாசலில் அனுமதிக் கடிதத்தைக் காட்டிவிட்டு, வெயிலில் பெட்டியை வைத்தாள். பத்து நிமிடத்தில் அறுநூறு வர வேண்டிய இடத்தில், ஒரே நிமிடத்தில் எண் பல ஆயிரத்தைத் தாண்டி ஓடியது. அவள் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைத் திருப்பினாள். பின் மூலையில் டேப் உரிந்திருந்தது. அங்கே பளிச்சென்று சந்தனமும் குங்குமமும்.

“நைனா, இது இன்னா?”

“புது சாமான் ஆச்சே, பொட்டு வெச்சேன். அந்தக் கறுப்பு டேப் மேல ஒட்டல. கொஞ்சம் உரிச்சிட்டு வெச்சேன்.”

“வெளிச்சம் பூந்துட்டா எல்லாம் போச்சு நைனா! அதுக்குத்தான் சுத்தி வெச்சிருக்குது.”

அவர் உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் பறந்தார். இருபதே நிமிடத்தில் மூன்று சுருள் கறுப்பு டேப்போடு மூச்சிரைக்க வந்து நின்றார். “எது ஒத்துவரும்னு தெரில. மூணும் வாங்கியாந்துட்டேன்.”

11.50. வெளியே பத்து நிமிடத்தில் 612. களஞ்சியத்துக்குள், தடித்த கல் கூரைக்கு அடியில், 487. கலையரசி எகிறிக் குதித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோடு ஒரே அறையில் இருக்கிறேன் என்பதே பெரிய பெருமையாக இருந்தது.

“அந்தக் கரும்பொருள் ஆப்ட்டுதா?” என்றார் ஏழுமலை.

“இல்ல நைனா. இன்னும் யாருக்குமே ஆப்டல.”

“அப்ப நீ தேடு. ஆப்டும்.” சொல்லிவிட்டு, வாசலில் நின்ற காவலாளியிடம் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்: “எம் பொண்ணு செஞ்ச பொட்டி.”

பிற்பகல் 2.15. திரும்பும் பேருந்தில் அவள் சோதனைக் குறிப்பேட்டை எழுதி முடித்தாள். பொட்டைத் துடைத்தாயா என்று கேட்டேன். இல்லையாம், அதன் மேலேயே டேப் சுற்றிவிட்டாளாம். சுரங்கத்துக்கு அதுவும் போகிறது.

குறிப்பேட்டை எட்டிப் பார்த்தேன். சோதனை செய்தவர்கள்: ஏ. கலையரசி, ம. ஏழுமலை. காலையிலிருந்து பை தூக்கிய என் பெயரைக் காணோம். எட்டு வருடமாக வங்கியில் நான் என்ன செய்கிறேன் என்று என் அப்பாவுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. திண்டிவனம் வருவதற்குள் அவரைப் போனில் கூப்பிட்டேன்.